உருளைக்கிழங்கின் மேல் ஏற்றிய பழி

வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையில் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. விடியுமுன் சோறாக்கிப் பாத்திரத்தில் அடைத்துக்கொண்டு, பதனிடுசாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் விரைவோர்க்கு ஏற்ற கறி யாது? விலை மலிந்ததாய், நண்பகல் வரை கெடாததாய், சிறுவரும் விரும்புவதாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தியது உருளைக்கிழங்கு வறுவலே என்பது எம் கருத்து.

ஆயினும் இந்நாளில் அதன்மேல் பெரும்பழி ஏற்றப்பட்டுள்ளது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறிற்று. இத்தகைய செய்தி கேட்டு அஞ்சுவோர் சிலர் கிழங்கை அறவே விலக்குகின்றனர். சோற்றின் அளவையோ எண்ணெயின் அளவையோ குறைத்தாரில்லை. இது நடுவுநிலைமையாமோ?

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் பல்லாயிரம் ஆண்டுகள் மக்களைப் புரந்தது இக்கிழங்கு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 77 கலோரியே உண்டு. வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகிய சத்துக்களும் உள. அதே நிறையுள்ள கடைச் சீவலிலோ 500 கலோரிக்கு மேல் உண்டு. நீர் வற்றி, அவ்விடத்தில் எண்ணெய் ஏறியமையே இதற்குக் காரணம்.

ஆதலின் வறுக்கும் முறையைத் திருத்துவோமாக. பச்சை நிறம் படர்ந்த கிழங்கையும் முளைவிட்டதையும் ஒதுக்குக. அவற்றில் சொலனைன் என்னும் நச்சுப்பொருள் மிகும். நல்ல கிழங்கைத் தோலுடன் கழுவி நறுக்கி, அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. பின் அரைவேக்காடாக அவித்து, ஈரம் போக உலர்த்துக. அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் போதும். மஞ்சள், மிளகு, சீரகம், தட்டிய பூண்டு இவற்றுடன் பிசறி, பழகிய இரும்புத் தோசைக்கல்லில் பரப்பி, மெல்லிய தீயில் புரட்டுக. பொன்னிறம் வந்தவுடன் இறக்குக; கருகவிடலாகாது. மாவுப்பொருளை 120 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வறுக்குங்கால் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் தோன்றுமென 2002ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டார் வெளியிட்டனர். கருகுந்தோறும் அது மிகும், ஊறவைத்தலால் குறையும்.

எண்ணெய் குறைந்தால் சுவை குன்றும் என்பாரும் உளர். மொறுமொறுப்பைத் தருவது எண்ணெயின் பெருக்கன்று. ஈரமின்மையும் பொறுமையுமே என்று அவர்க்கு விடை கூறுவோம்.

ஒன்று மறவற்க. கிழங்கும் சோற்றைப் போன்ற மாவுணவே. கிழங்கு வைத்த நாளில் சோற்றைக் குறைத்து, கீரையோ பருப்போ முட்டையோ உடன் சேர்த்தல் வேண்டும். சிறுநீரக நோயாளர் பொட்டாசியத்தின் பொருட்டு மருத்துவரை வினவியே உண்க.

உழைப்பார் உண்கலத்தினின்று மலிவான நல்லுணவொன்றை அச்சத்தால் அகற்றுதல் எளிது. அதனினும் நல்ல கறியை அவ்விலைக்கு அவர்க்குக் கொடுத்தல் அரிது. ஆகவே விலக்க வேண்டுவது கிழங்கையன்று, எண்ணெய்ப் பெருக்கையே என்று துணிந்து கூறுவோம்.