மலைக்கணவாயும் மானமும்

இமயமலையில் மணாலியினின்று லடாக்கின் தலைநகராகிய லே வரை செல்லும் நெடுஞ்சாலையை மிதிவண்டியிற் கடத்தல் வேண்டும் என்னும் வேட்கை இந்நாளில் மாணாக்கரிடையே மிகுந்து வருகின்றது. இறுதித் தேர்வு முடிந்தவுடன் புறப்படக் கருதும் அன்பர் சிலர் நம் விடுதியிலும் உளர். அவ்வேட்கையை யாம் பழியோம். நூலறிவோடு உடலுழைப்பும் துணிவும் கூடுதல் இளமைக்கு அழகே. ஆயினும் அவர்தம் உரையாடல்களில் மூன்று கொள்கைகள் அடிக்கடி எழக் கேட்கின்றோம். குறைந்த நாளிற் கடப்பதே வீரம் என்பது ஒன்று. இடையில் திரும்புவது கோழைமை என்பது மற்றொன்று. பிறர் உதவி பெறுதல் இழுக்கு என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையென்பதே எம் துணிபு.

முதற்கண் அவ்வழியின் இயல்பை நோக்குவோம். ரோத்தாங் வழியே செல்லும் பழைய சாலை ஏறத்தாழ 475 கிலோமீட்டர் நீளமுடையது. அதன்கண் ஐந்து கணவாய்கள் உள. ரோத்தாங் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரமுடையது. பாராலாச்சா ஏறத்தாழ 4,850. நகீலா 4,700-க்கு மேல். லாச்சுலுங்லா 5,000-க்கு மேல். இறுதியில் நிற்கும் தங்லங்லா 5,300-க்கும் மேல். ‘லா’ என்பது அந்நாட்டு மொழியிற் கணவாயையே குறிக்கும். 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அடல் சுரங்கவழி, மோட்டார் வண்டியிற் செல்வார்க்கு ரோத்தாங் ஏற்றத்தை இல்லாமற் செய்துவிட்டது. மற்றை நான்கும் பண்டுபோலவே நிற்கின்றன. நம் தமிழகத்தின் மிக உயர்ந்த கொடுமுடியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதனை ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை அடுக்கினும் தங்லங்லாவுக்குச் சிறிது தாழ்ந்தே நிற்கும். உதகை ஏறிய பழக்கம் ஒன்றையே துணையாகக் கொண்டு புறப்படுவார் இதனை நினைவிற் கொள்வாராக.

குறைந்த நாளிற் கடந்தவனே வீரன் என்பார்க்கு யாம் கூறுவது இது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. தங்லங்லாவின் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஆதலின் ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் உயிர்வளியும் ஏறத்தாழப் பாதியாகின்றது. இக்குறைக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேற்சென்றபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேற் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை முழுநாள் ஓய்தல் வேண்டும் என்பதும் மருத்துவர் வகுத்த நெறி. கேலாங் ஏறத்தாழ 3,100 மீட்டர். பாராலாச்சாவுக்கு அப்பாலுள்ள சார்ச்சுச் சமவெளி ஏறத்தாழ 4,300 மீட்டர். இந்நெறிப்படி இடையில் இரண்டு இரவேனும் தங்கி, மூன்றாம் இரவே சார்ச்சை அடைதல் தகும். இதனை ஒரு நாளிற் கடந்தோம் எனச் செருக்குவார் காலின் வலிமையைக் காட்டினரேயன்றி அறிவின் வலிமையைக் காட்டினரல்லர். காளைப்பருவத்துக் கட்டுடல் மலைநோய்க்குக் காப்பாகாது. வலியார் விரைந்து ஏறுதலின், அவரே முற்பட நோயுறுதலும் உண்டு.

இனி, திரும்புதல் கோழைமையோ என ஆராய்வோம். தலைநோவும் குமட்டலும் மலைநோயின் முதற்குறிகள். நடை தள்ளாடினும், ஓய்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினும், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தது என்று அஞ்சல் வேண்டும். அதற்கு முதன்மையான மருந்து காலந்தாழ்த்தாது கீழிறங்குதலேயாம். ஆனால் பாராலாச்சாவைக் கடந்து சென்றவனுக்குத் தங்லங்லாவைத் தாண்டுமளவும் 4,000 மீட்டருக்குக் கீழே தங்குதற்குச் சாலையில் இடமே இல்லை. சார்ச்சில் நோயுற்றவன் எப்பக்கம் இறங்குவான்? பின்னே பாராலாச்சா, முன்னே நகீலாவும் லாச்சுலுங்லாவும். இறங்குவதற்கே அவன் ஏறல் வேண்டும்! ஆகவே திரும்புவதா, நின்று ஓய்வதா என்னும் முடிவு பாராலாச்சாவின் அடியிலேயே, தலை சிறிது நோவும்போதே செய்யற்பாலது. அவ்விடத்து மானம் பேசி நோயை மறைப்பவன் தன்னுயிரை மட்டுமன்று, தன்னைச் சுமக்கவேண்டிய தோழரின் உயிரையும் பணயம் வைக்கின்றான். இதனை வீரம் என்று கூற எம் நா எழவில்லை.

எஞ்சியது உதவி பற்றிய கொள்கை. 1913-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயத்தில், பிரெனீசு மலையிலுள்ள தூர்மலே கணவாயருகே யூஜின் கிறிஸ்தோஃப் என்பாருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியைப் பந்தய விதி தடுத்தது. அவர் வண்டியைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, மலையடியூர் ஒன்றின் கொல்லுலையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சீர்செய்தார். ஆயினும் துருத்தியை இயக்கியவன் ஒரு சிறுவன் என்பது காட்டி நடுவர் அவர்க்குத் தண்டம் விதித்தனர். பந்தயத்துக்கு விதி வேண்டும், அது நிற்க. நம் நண்பர் செல்வது பந்தயத்துக்கன்றே! லாரியில் ஏறிய நண்பனை ‘முழுவழியும் கடவாதவன்’ என்று எள்ளுவார், யாரும் வேண்டாதிருக்கத் தாமே அந்நடுவர் இருக்கையில் அமர்கின்றனர்.

அன்றியும், அவ்வழியில் தனித்து நின்று வென்றேன் எனக் கூறவல்லார் யாவர்? 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பினர் ஆண்டுதோறும் பனியை வெட்டி அச்சாலையைத் திறக்கின்றனர். ஜார்க்கண்டு முதலிய தொலைநாடுகளினின்று வந்த தொழிலாளர், நாம் மூச்சுவிடவும் அரிதென்று அஞ்சும் அவ்வுயரத்தில் கல்லுடைத்துத் தார் காய்ச்சுகின்றனர். அவர் அமைத்த சாலைமேல் உருண்டுகொண்டு, ‘எவர் உதவியும் பெற்றிலேன்’ என்பது நன்றி மறந்த கூற்றாகும்.

‘இவ்வளவும் அஞ்சின் பேருந்திலேயே போகலாமே’ என்று சிலர் நகைப்பர். அற்றன்று. காட்டா வளைவுகள் இருபத்தொன்றையும் மிதித்து ஏறுவோன், பேருந்திற் கண்ணயர்ந்து செல்வோன் அறியாத பலவற்றை அறிவான். வெயில் ஏறப் பனி உருகிச் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகள் காலையிற் சுருங்கியும் பிற்பகலிற் பெருகியும் வருதலைக் கண்டு, வைகறையிலேயே புறப்படக் கற்பான். மோரே சமவெளியின் எதிர்காற்றில் ஒருவர் பின் ஒருவராய் அணிவகுத்துச் செல்லவும், முன்செல்லும் துன்பத்தை முறைவைத்து ஏற்கவும் கற்பான். இக்கல்வியின் பொருட்டே அப்பயணத்தை யாம் விரும்புகின்றோம்.

ஆகலின் புறப்படும் நண்பர்க்கு எம் வேண்டுகோள் இதுவே. ஊரைவிட்டுக் கிளம்புமுன், தலை தெளிவாக இருக்கும்போதே, நான்கு விதிகளை எழுதி யாவரும் ஒப்பமிடுக. குழுவில் மெலியோன் செல்லும் வேகமே குழுவின் வேகம். ஓய்வுநாள்களை முன்னரே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தலைநோவை மறைத்தல் குற்றம். ஒருவன் திரும்பின் அவனோடு மற்றொருவன் திரும்புதல் கடன். இவ்விதிகளைக் காத்து, ஐவர் சென்று மூவரே லே நகரை அடைந்து, ஐவரும் நலமாக இல்லம் சேர்வாராயின், அப்பயணம் முழுமையுற்றது என்றே யாம் எண்ணுவோம்.