ஆரத்தை யார் தருவாங்க?

ஒரு சின்னக் கேள்வி. ஒரே விலைக்கு 8 இன்ச் பீட்சா ரெண்டு, இல்லைன்னா 12 இன்ச் பீட்சா ஒண்ணு. எதை வாங்குவீங்க?

எட்டும் எட்டும் பதினாறு, ரெண்டுதான் லாபம்னு மனசு சொல்லும். கணக்கு வேற சொல்லுது. 8 இன்ச் பீட்சாவோட ஆரம் 4, பரப்பளவு 16 பை. ரெண்டும் சேர்ந்து 32 பை. 12 இன்ச்சுக்கு ஆரம் 6, பரப்பளவு 36 பை. ஒத்தை பீட்சாதான் ஜெயிக்குது.

பை ஆர் ஸ்கொயர் தெரியாதவங்க நம்ம காலேஜ்ல யாரும் இல்ல. அப்புறம் ஏன் தடுமாறுறோம்? என் கருத்து இதுதான்: வட்டக் கணக்குல கஷ்டம் சூத்திரத்துல இல்ல, ஆரத்தைப் பிடிக்கிறதுல இருக்கு. அந்த வேலையைப் பள்ளிப் புத்தகமே பெரும்பாலும் நமக்காக முடிச்சுக் கொடுத்துடுது. ஆட்டைக் கட்டின கயிறு 7 மீட்டர், பூங்காவோட ஆரம் 14 மீட்டர், இப்படி. 22/7 அழகா அடிபடணும்னே தேர்ந்தெடுத்த எண்கள். நமக்கு மிச்சம் பெருக்கல் மட்டும்தான். எந்த ஆட்டுக்காரர் 7-ஆம் வாய்ப்பாடு பார்த்துக் கயிறு வாங்குறார், சொல்லுங்க?

நிஜத்துல ஆரத்தை யாரும் தட்டுல வச்சுத் தர்றதில்ல. தூணோட மையத்துக்குள்ள டேப் போகாது. மெக்கானிக்கல் டிராயிங்ல முழு வட்டத்துக்கு விட்டம்தான் போட்டிருக்கும்; வெர்னியர் காலிப்பரும் அதைத்தான் அளக்கும். கரன்ட் வயரை 1.5, 2.5னு ஸ்கொயர் எம்எம் கணக்குல விக்கிறாங்க. அங்க பரப்பளவு தெரியும், ஆரம் தெரியாது. 2.5-ஐ 3.14-ஆல வகுத்து, வர்க்கமூலம் எடுத்தாதான், ஒத்தைக் கம்பியா இருந்தா அதோட ஆரம் சுமார் 0.89 மில்லிமீட்டர்னு கிடைக்கும்.

நம்ம முன்னோர் இதை நல்லாவே புரிஞ்சு வச்சிருந்தாங்க. காரி நாயனாரோட கணக்கதிகாரத்துல வட்டத்தின் பரப்புக்கு ஒரு வழி இருக்கு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கணும். பை எங்கேயும் வரல, கவனிச்சீங்களா? ஒரு கிணத்தைச் சுத்திக் கயிறு பிடிச்சா 18.84 மீட்டர், குறுக்கே 6 மீட்டர்னு வைங்க. 9.42-ஐ 3-ஆல பெருக்கினா 28.26 சதுர மீட்டர். பை ஆர் ஸ்கொயர் போட்டாலும் அதேதான். கையில கயிறு மட்டும் இருக்கிறவர் எதை அளக்க முடியுமோ, அதுலேர்ந்து தொடங்குற கணக்கு இது. ஆங்கில மீடியத்துல படிச்ச எனக்கு இதை எந்த வகுப்பிலயும் யாரும் சொல்லல.

"பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட்ல ஒரு நிமிஷத்துல விடை வேணும், இதெல்லாம் யோசிக்க நேரம் ஏது?"னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா அங்க வைக்கிற பொறியும் இதுதானே! ஆரம் 10 சதவீதம் கூடினா பரப்பளவு எவ்வளவு கூடும்? 20னு டிக் பண்ணத் தோணும், விடை 21.

பரீட்சையில போனா ஒரு மார்க். சைட்ல? 16 எம்எம் கம்பி தீர்ந்துபோச்சு, "ரெண்டு 8 எம்எம் போட்டுக்கலாம் சார்"னு ஒருத்தர் கேக்குறார்னு வைங்க. 8 எம்எம் கம்பியோட பரப்பளவு சுமார் 50 சதுர மில்லிமீட்டர், 16 எம்எம் கம்பிக்கு 201. நாலு கம்பி வேண்டிய இடத்துல ரெண்டு போட்டா, இருக்க வேண்டிய இரும்புல பாதிதான் உள்ள இருக்கும். மேல சிமென்ட் பூசினப்புறம் அது யார் கண்ணுக்கும் தெரியாது. விட்டத்தை ஆரம்னு நினைச்சு டிசைன் போட்டா இன்னும் மோசம். ஒரு கம்பி பேப்பர்ல நாலு மடங்கு பலமாத் தெரியும்!

அதனால தம்பி தங்கைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவங்க, கொஞ்சம் மாத்திக் கேளுங்க. ஆரத்தைக் கொடுக்காதீங்க. ஒரு சொம்பையும் ஒரு நூலையும் கொடுத்து, "இதோட வாய் எவ்வளவு பரப்பு?"னு கேளுங்க. எதை அளக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.

உங்களுக்கும் ஒண்ணு. ஒரு மரத்தை வெட்டாம, கயிறு ஒண்ணை மட்டும் வச்சு, அடிமரத்தோட குறுக்குவெட்டுப் பரப்பைக் கண்டுபிடிங்க. சூத்திரம் கேக்காதீங்க, முதல்ல போய் மரத்தைச் சுத்தி வாங்க!