கண்டியில் ஒரு மணி நேர நடை

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த நண்பரின் மகளுக்குக் கண்டியைக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். தமிழில் கேள்வியும் கேட்பாள். பின்னதுதான் ஆபத்தானது.

கண்டி சிறிய நகரம். பார்க்க வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. புகையிரத நிலையத்தில் இறங்கி, போகம்பறைப் பழைய சிறைச்சாலையைக் கடந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திரும்பி, தலதா வீதி வழியே நடந்தால் ஏரியும் மாளிகையும் எதிரே வந்துவிடும். அங்கிருந்து மகுல் மடுவ, அரும்பொருட்காட்சியகம், அதன் பின்புறம் மேட்டில் வெள்ளையர் மயானம். நின்று பார்க்கும் நேரத்தைக் கழித்தால் ஒரு மணி நேர நடை. இந்த நடையை எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணோடு நடந்தபோதுதான், இவ்வழியில் சொல்லப்படும் கதையில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பது உறைத்தது.

மாளிகைக்கு எதிரே நாத தேவாலயத்தில் தொடங்கினோம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கட்டடம். கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். தென்னிந்தியக் கட்டடக் கலையை அறிந்தவர்களுக்கு அதன் விமானத்தைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்த வடிவம் என்று புரியும். அருகிலேயே பத்தினித் தெய்யோவின் கோயில். பத்தினி வேறு யாருமல்லர், நம் கண்ணகியே. சிலப்பதிகாரம் கயவாகு மன்னனைக் குறிப்பிடுவதைப் பள்ளியில் படித்தவர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நிற்காமல் போக முடியாது. சற்று விலகி, கடைத்தெருவின் நடுவே கதிர்காமத் தேவாலயம்; அங்கே குடியிருப்பவர் நம் கந்தன். விஷ்ணுவையும் சேர்த்து இந்த நால்வரின் ஊர்வலங்களும் ஆண்டுதோறும் எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து செல்கின்றன.

ஏரிக்கரைக்கு வந்தோம். வெளிநாட்டுப் பயணிகள் சிலரைச் சுற்றி நிறுத்தி வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஏரியை வெட்டியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மாளிகையின் முகப்பில் தெரியும் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவைக் கட்டியவனும் அவனே, அவன் கொடுங்கோலன், குடிமக்கள் அவனை வெறுத்தனர், ஆங்கிலேயர் வந்து பிடித்துச் சென்றனர். கதை அவ்வளவில் முடிந்தது. பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தனர்.

"அங்கிள், அந்த ராஜா தமிழரா?" என்று கேட்டாள் பெண்.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிய பழக்கம் எனக்கு. ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லக் கை கூசியது. இயற்பெயர் கண்ணுசாமி. 1739இல் கண்டி அரசு கட்டில் ஏறிய நாயக்கர் வழியில் நான்காமவன், கடைசி அரசன். அவ்வழியினர் மதுரைத் தொடர்புடையவர்கள். தெலுங்கு மூலமும் தமிழ் வாழ்வும் கொண்டவர்கள். சிங்கள அரசின் மணிமுடியைத் தரித்துப் பௌத்தத்தைப் புரந்தவர்கள். 1753இல் சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரரின் தலைமையில் பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை இத்தீவில் மீண்டும் நிலைநாட்டியது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சி. அவனும் நாயக்கனே. ஆகவே "தமிழ் மன்னன்" என்று நாம் மார்தட்டிக்கொள்வதும் அரைகுறை, "அந்நியன்" என்று மற்றவர்கள் ஒதுக்குவதும் அரைகுறை. கொடுங்கோன்மை பொய்யுமன்று. 1814இல் எஹலேபொலையின் மனைவி மக்களுக்கு நேர்ந்த கதியை எந்த நியாயமும் கழுவிவிடாது. ஆனால் ஒரு மன்னன் கொடியவன் என்பது ஒன்று. அதைக் காரணங்காட்டி ஓர் இனத்தையே வெளியேற்றுவது வேறொன்று.

அப்படி வெளியேற்றிய இடம் அங்கிருந்து சில நூறு அடி தூரத்தில் இருக்கிறது. செதுக்குமரத் தூண்கள் நிற்கும் மகுல் மடுவ. 1815 மார்ச் 2ஆம் திகதி தேசாதிபதி பிரவுன்றிக்கின் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் அங்கேதான் வாசிக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்ட பிரதானிகளில் எத்தனை பேர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டனர் என்று இணையத்தில் சண்டையிடுவோர் பலர். அந்த ஆர்வத்தில் பாதியாவது ஒப்பந்தத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் பிரிவு எல்லோருக்கும் தெரியும். பௌத்த சமயம் பேணப்படும் என்ற உறுதிமொழி அது. அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். இரண்டாம் பிரிவு, கண்டி இராச்சியத்தின்மீது "மலபார்" இனத்தாருக்கு இருந்த உரிமை முற்றாக ஒழிந்தது என்கிறது. மூன்றாம் பிரிவு அரசனின் உறவினரான ஆண்களையும், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்களையும் பற்றியது. அரசாங்கத்தின் எழுத்துமூல அனுமதி இன்றி அவர்கள் கண்டி மாகாணங்களுக்குள் காலடி வைக்கக் கூடாது, வைத்தால் இராணுவச் சட்டத்தின் தண்டனை. மலபார் என்று அக்காலத்து ஆங்கிலேயர் குறித்தது தென்னிந்தியரை, பெரும்பாலும் தமிழ் பேசுவோரை. அரச உறவினர் வாழ்ந்த தெரு பிற்காலத்தில் மலபார் வீதி என்றே பெயர் பெற்றது. குடியிருந்தவர்கள் போனார்கள், தெருவுக்குப் பெயர் மட்டும் கிடைத்தது.

இனித்தான் வரலாற்றின் வேடிக்கை. அவ்வாறு கதவை அடைத்த அதே அரசாங்கம், பத்து ஆண்டுகள் கழிவதற்குள் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் திறக்கத் தொடங்கியது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். எங்கிருந்து? அதே தென்னிந்தியாவிலிருந்து. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களில் வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அரச உறவினனாக வந்தால் தண்டனை, கூலியாக வந்தால் வரவேற்பு. பேசிய மொழியோ ஒன்றுதான்.

மயானத்து மேட்டில் ஏறினோம். அமைதியான இடம். அங்கே சேர் ஜோன் டொயிலியின் கல்லறை இருக்கிறது. சிங்களம் கற்று, பிரதானிகளை வசப்படுத்தி, கண்டியைப் பெரிய போரின்றிக் கைப்பற்ற வழி செய்தவர்; ஒப்பந்தத்தின் பின்னணியில் இருந்த மூளை அவருடையது. 1824இல் காய்ச்சலில் இறந்தார். அவர் மண்ணுக்குள் போன அதே காலத்தில்தான் தோட்டத் தமிழர்கள் இம்மலைகளில் ஏறத் தொடங்கினர்.

இந்தப் பெண்ணுக்கு நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. மாளிகை வாசலில் பைகளைச் சோதித்தபோது ஏன் என்று கேட்டிருந்தாள். 1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை இவ்வாசலில் மோதி வெடிக்க வைத்தனர். வழிபட வந்தவர்கள் மாண்டனர். மாளிகை முன்னுள்ள வீதி அதன்பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த மாதம் இங்கே நடக்கவிருந்த 50ஆவது சுதந்திர விழாவும் கொழும்புக்கு மாற்றப்பட்டது. தமிழர்கள் எழுதும் கண்டிப் பயணக் கட்டுரைகள் பலவற்றில் இந்த ஒரு வரி இருப்பதில்லை. மூன்றாம் பிரிவை அவர்கள் மறைப்பதாகக் குறைகூறும் நாம், வாசலில் நடந்ததை மறைத்தால் நம் குறைக்கு என்ன பெறுமதி?

திரும்பும்போது புகையிரத நிலையத்து வாங்கில் அமர்ந்தோம். இந்த நடையின் கடைசி நிறுத்தமும் அதுதான். 1867இல் கண்டிக்கு வந்த பாதை கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போடப்பட்டது. நூறு ஆண்டுகள் சென்றபின், அதே மலைகளிலிருந்து மக்களையே ஏற்றிச் சென்றது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். 1815இல் உள்ளே வருவதற்கு ஒரு கடதாசி தேவைப்பட்டது. 1948க்குப் பின்னர் இருப்பதற்கும் ஒரு கடதாசி தேவைப்பட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இன் சட்டம் வர வேண்டியிருந்தது.

2023இல் மலையகத்தார் தங்கள் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அது நீண்ட நடை. நான் கேட்பது சிறிய நடைதான். தோட்டத்துப் பாடசாலைகள் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் காட்டித் திருப்பி அழைத்துச் செல்கின்றன. அந்தப் பிள்ளைகளை மகுல் மடுவவின் முன் பத்து நிமிடம் நிறுத்தி, ஐந்தாம் பிரிவோடு மூன்றாம் பிரிவையும் சொல்லுங்கள். பத்தினி தெய்யோ யார் என்று சொல்லுங்கள். 1998இல் என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். இது யாருடைய பெருமையையும் குறைக்காது. யுனெஸ்கோ 1988இல் மனித குலத்தின் மரபுரிமை என்று இந்நகரை ஏற்றுக்கொண்டது. அந்த மனித குலத்துக்குள் நாமும் அடங்குவோம். வழிகாட்டித் தொழிலுக்கு வரும் தமிழ் இளைஞர்களும் இதைப் படித்து வரலாம். கதையை முழுமையாகச் சொல்பவருக்கே பயணிகளிடம் மதிப்பு.

பெண் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ராஜாவின் கல்லறை எங்கே?"

வேலூரில் என்றேன். 1816இல் கப்பலேற்றி அனுப்பப்பட்டவன் 1832 ஜனவரி 30இல் அங்கே சிறையிருப்பில் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. 1990இல் தமிழக அரசு கட்டியது. ஏரியையும் எண்கோணத்தையும் கட்டியவன் கண்டியில் இல்லை. அவனை அனுப்பியவர் கண்டி மண்ணிலேயே உறங்குகிறார்.

அடுத்த முறை தமிழகம் போகும்போது வேலூருக்கும் போக வேண்டும் என்று அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வாசக நண்பர்களில் கண்டிக்கு வருபவர்களும் அப்படியே செய்யலாம்.