எல்லா ஹாப்பரும் ஒண்ணு இல்லீங்க

அமெரிக்க சரக்கு ரயில் படங்கள்ல, மேல மூடியும் கீழ புனல் மாதிரி வாயுமா, சாம்பல் கலர்ல நீளமா ஒரு வண்டி நிக்குமே, அதான் மூடிய ஹாப்பர். நம்ம ரயில் பிரியர்கள் இதுல கம்பெனி பேரையும் பெயிண்ட்டையும் பார்த்துட்டு நகர்ந்துடறாங்க. நான் முதல்ல பார்க்கிறது வயித்தைத்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரே அளவு எடுத்தா, சிமென்ட் கோதுமையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு கனம். பெரிய வண்டியில சிமென்ட்டை நிரப்பினா பாரம் தாங்காது, சின்ன வண்டியில கோதுமை போட்டா முழுப் பாரம் ஏறாது. அதனால புல்மன் ஸ்டாண்டர்ட் கம்பெனி சிமென்ட்டுக்கு செஞ்ச பிஎஸ்-2 வண்டி 2003 கன அடி, கீழ ரெண்டு வாய். பின்னாடி தானியத்துக்கு செஞ்சது 4750 கன அடி, மூணு வாய். மூடியும் வேற. சிமென்ட்டுக்கு வட்ட வட்டமா சின்ன மூடிகள். தானியத்துக்கு கூரை நடுவுல வாய்க்கால் மாதிரி நீளமான திறப்பு, வண்டியை மெதுவா நகர்த்திக்கிட்டே கொட்டிக்கிட்டு போகலாம்.

ஆனா என்னைக் கேட்டா, இந்தக் கூட்டத்துல நிஜ ஹீரோ சதர்ன் ரயில்வேயோட 'பிக் ஜான்' தான். அதுக்கு முன்னாடி தானியம் போனது சாதாரண பெட்டி வண்டியில. கதவு இடுக்குல பலகை அடிச்சு அடைக்கணும், வழியெல்லாம் சிந்தும், இறக்க மண்வெட்டி வேணும். 1961ல சதர்ன், சுமார் 100 டன் ஏத்தற அலுமினிய ஹாப்பரை இறக்கிட்டு, மொத்தமா பல வண்டி அனுப்பறவங்களுக்கு கட்டணத்தை சுமார் 60 சதவீதம் குறைக்கறேன்னுச்சு. ரயில்வே கட்டணத்தைக் குறைச்சதுக்கு கேஸ் போட்டாங்க, கேட்டீங்களா! ஆத்துல படகுல தானியம் கொண்டு போறவங்க பொழப்பு போகுதேன்னு ஓடினாங்க. அரசாங்கத்தோட வர்த்தக ஆணையம் புது கட்டணத்தை நிறுத்தி வெச்சுது. அந்தத் தடையை நீட்டிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு 1963ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

படகுக்காரங்க பயமும் பொய்யில்லை. பொழப்புல அடி விழும்னா யாருதான் சும்மா இருப்பாங்க? ஆனா மலிவா வந்த மக்காச்சோளம் ஜார்ஜியா, அலபாமா பக்கம் கோழி வளர்க்கறவங்களுக்கு பெரிய பலமாச்சு. ஒரு தகர டப்பா (சரி, அலுமினிய டப்பா) இவ்வளவு வேலை பார்த்திருக்கு.

சதர்ன் 1982ல நார்ஃபோக் சதர்ன்ல கலந்துடுச்சு. அதோட பச்சை நீராவி எஞ்சின் 1401 வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல பளபளன்னு நிக்குது. அழகுதான், மறுக்கலை. ஆனா எஞ்சினுக்கு நாலு பக்கம் எழுதறவங்க, அடுத்த தடவை ஹாப்பர் படம் போட்டா எத்தனை வாய், என்ன மூடின்னு ஒரு வரியாவது சேர்த்துப் போடுங்க சாமி.