ஜீவனாம்சமும் 'பொது' சட்டமும்

ஆந்திரத்தின் பாகாலாவில் கணவனால் கைவிடப்பட்ட பெண் இந்துவாயினும் இஸ்லாமியராயினும், ஜீவனாம்சம் கோரி நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். மணவிலக்குப் பெற்ற இஸ்லாமியப் பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டு என்பதை, தெலங்கானா வழக்கொன்றில் 2024 ஜூலை 10 அன்று உச்சநீதிமன்றம் ஐயத்திற்கிடமின்றி உறுதி செய்தது. இது ஷரியத்திற்கு முரணானது என அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் எதிர்த்தது.

எதிர்ப்பு புதிதன்று. 1985இல் ஷா பானுவுக்குக் கிடைத்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. அதையும் பொறாத மதத் தலைமைகளுக்குப் பணிந்து ராஜீவ் காந்தி அரசு 1986இல் தனிச்சட்டம் இயற்றியது. ஷா பானுவின் வழக்கறிஞர் டேனியல் லத்தீஃபி அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மணவிலக்குப் பெற்றவளின் எதிர்கால வாழ்வுக்கான தொகையையும் கணவன் இத்தா காலத்திற்குள் அளித்தாக வேண்டும் என 2001இல் அரசியல் சாசன அமர்வு விளக்கியது. தனிச்சட்டம், பொதுச்சட்டம் என இரு வழிகளும் அவளுக்குத் திறந்துள்ளன என்கிறது இன்றைய தீர்ப்பு.

தனிநபர் சட்டத்தை ஒழிக்காமலே பெற்ற உரிமை இது. பாஜகவுக்கு வேண்டியதோ வேறு. அதன் 2019 முத்தலாக் சட்டம் கணவனை மூன்றாண்டு வரை சிறையில் அடைக்கும். சிறையிலிருப்பவன் ஜீவனாம்சத்துக்கு எங்கே போவான்? மனைவியைக் கைவிடும் இந்துக் கணவனுக்கு அத்தண்டனையும் இல்லை. உத்தரகண்டின் 'பொது' சிவில் சட்டம் பழங்குடியினருக்கு விலக்களிக்கிறது. சரிதான்; அங்கே பன்மை இயலுமெனில் பிறருக்கு ஏன் இயலாது?

இடைக்கால ஜீவனாம்ச மனுக்களை இயன்றவரை 60 நாட்களில் முடிக்கச் சட்டம் பணிக்கிறது. அதை நடைமுறையாக்க, கட்சிக் கிளைகளும் மாதர் அமைப்பும் இப்பெண்களுடன் நீதிமன்றப் படியேற வேண்டும்.