மாடி கட்டுமுன் அஸ்திவாரத்தைக் கேளுங்கள்!

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. வீட்டில் இடம் போதவில்லை. "மொட்டை மாடியில் ஓர் அறை போட்டுவிடலாம்" என்கிறார் அப்பா. ஓட்டு வீடாக இருந்தால், "மச்சு சும்மாதானே கிடக்கிறது! அதை அறையாக்கி விடலாமே" என்கிறார் பாட்டி.

மேஸ்திரி வருகிறார். சுவரைத் தட்டிப் பார்க்கிறார். "கல்லு மாதிரி இருக்குங்க. இன்னும் இரண்டு மாடி தாங்கும்" என்கிறார். மறுநாளே செங்கல் வந்து இறங்குகிறது.

ஆசை நியாயமானது. இடம் வாங்கக் காசில்லாத குடும்பம், இருக்கிற இடத்தில்தானே உயர வேண்டும்? ஆனால், சுவரைத் தட்டினால் அஸ்திவாரம் பேசாது. அது மண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறை. சுவர் நாலரை அங்குலந்தான். ஒரு பக்கச் சுவர் மட்டும் சுமார் 2 டன் இருக்கும். நான்கு சுவருக்குமாக, கதவு ஜன்னல் போக, சுமார் 7 டன். அதன்மேல் 5 அங்குலக் கான்கிரீட் தளம் சுமார் 3 டன். ஆக மொத்தம் 10 டன்! ஒரு லாரிச் சுமை உங்கள் தலைக்கு மேலே ஏறிவிட்டது. கட்டில், பீரோ, ஆட்கள் எல்லாம் இனிமேல்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னும் ஒரு டன்.

குடியிருக்கும் அறையின் தளம், ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ நடமாட்டச் சுமை தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு 150 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு 75 கிலோ. கூரை வேறு, அறை வேறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

தளம் தன் சுமையை உத்திரத்துக்குத் தருகிறது. உத்திரம் தூணுக்கும் சுவருக்கும் தருகிறது. அவை அஸ்திவாரத்துக்கு, அஸ்திவாரம் மண்ணுக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானாலும் ஆபத்துதான். கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும்.

தூண் கம்பியை மேலே நீட்டி விட்டிருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். கம்பி நீண்டிருப்பதால் அஸ்திவாரம் அகலமாகிவிடாது. பல வருஷம் மழையில் நனைந்த கம்பி துருவும் பிடித்திருக்கும்.

மச்சு வீட்டுக்காரர்களே!

மச்சு, பழைய பாத்திரமும் பெட்டியும் வைப்பதற்காகப் போட்டது. பத்துப் பேர் நடமாட அல்ல. விட்டத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். கறையானும் ஈரமும் முதலில் தாக்குவது அங்கேதான். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி!

தலை இடிக்கிறது என்று குறுக்கு விட்டத்தை அறுக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். கூரை தன் பளுவால் இரு பக்கச் சுவரையும் வெளியே தள்ளுகிறது. தள்ளாமல் இழுத்துப் பிடிப்பது அந்தக் குறுக்கு மரந்தான். மாடிப்படிக்காகத் தளத்தில் ஓட்டை போடுவதும், கீழ்ச் சுவரை இடிப்பதும் அப்படியே. என்ஜினீயரைக் கேளாமல் உளி வைக்கக் கூடாது.

விரிசல் சொன்ன செய்தி

வங்காள தேசத்தில் சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அனுமதி இல்லாமல் மேல் மாடிகளைக் கட்டியிருந்தார்கள். 2013 ஏப்ரல் 23-ந் தேதி சுவரில் பெரிய விரிசல்கள் கண்டன. மறுநாளும் தையல் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்று காலையிலேயே கட்டடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். விரிசல் எச்சரித்தது, மனிதர்கள் கேட்கவில்லை.

நம் வீடு சின்னதுதான். ஆனால் அதன் கீழே படுத்துத் தூங்குவது நம் குழந்தைகள்.

செய்ய வேண்டியது என்ன?

1. கட்டடப் பலம் கணக்கிடத் தெரிந்த என்ஜினீயரை முதலில் அழையுங்கள். ஒரு மூலையில் தோண்டி, அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், மண் மூன்றையும் அவர் பார்க்கட்டும். அவர் முடிவை எழுத்தில் வாங்குங்கள்.

2. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், தளத்தில் துருக்கறை, திடீரென இறுகும் கதவு ஆகியவற்றை மறைக்காமல் காட்டுங்கள். விரிசலின் குறுக்கே சிறிது சுண்ணாம்புக் காரை பூசித் தேதி எழுதி வையுங்கள். காரையும் வெடித்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள்.

3. மேல் சுவர், கீழ்ச் சுவரின் மீதோ உத்திரத்தின் மீதோதான் நிற்க வேண்டும். தளத்தின் நடுவில் சுவர் எழுப்பாதீர்கள்.

4. கனம் கூடாது என்று என்ஜினீயர் சொன்னால், இலேசான சுவரும் தகரக் கூரையும் போதும். ஆனால் கூரையை நன்றாகப் பிணையுங்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் கூரைகளை என்ன செய்தது என்பதை டெல்டா மக்கள் மறக்கவில்லை.

5. ஊராட்சி, நகராட்சி அனுமதி இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம்.

அனுமதி தரும் அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய மாடியின் வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அதைச் சுமக்கப்போகும் பழைய அஸ்திவாரத்தின் பலத்துக்கும் சான்று கேளுங்கள்.

"தாங்காது" என்று என்ஜினீயர் சொன்னால் மனம் வருந்தும். வருந்தினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அறை இல்லாமல் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். நெருக்கடியில் யாரும் சாவதில்லை. மேலே ஏறுவதற்கு அவசரப்பட்டு, கீழே இருப்பவர்களை இழந்துவிடக் கூடாது.