ஆள் வைத்து விற்றால் உரிமை போய்விடுமா?

சிறுதோட்டத்துப் பாலைத் தாமே சுமந்து சென்று கடையில் போட எல்லாராலும் முடிவதில்லை. ஓர் ஆளிடம் கொடுத்து விற்கச் சொல்கிறோம். அவரும் விற்கிறார். கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார். நேரில் போய்க் கேட்டால், “உன்னை யாரென்றே தெரியாது, கொண்டுவந்தவனை வரச் சொல்” என்று விரட்டுகிறார். பாடுபட்டவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

தோழர்களே, அப்படித் திரும்ப வேண்டியதில்லை!

நம் நாட்டின் 1950-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 179-ம் பிரிவில் என்ன சொல்கிறது? ஏஜண்டு செய்யும் ஒப்பந்தம், பொறுப்புக் கொடுத்தவர் நேரில் நின்று செய்தது போலவே செல்லும். ஆகவே பாலுக்கு உடையவர் கடைக்காரர் மீது நேரே வழக்குத் தொடரலாம். ஏஜண்டு நம் பேரையே சொல்லாமல் விற்றிருந்தாலும் 184-ம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது.

ஹாங்காங்கில் ஒரு கப்பல் மூழ்கி மாலுமிகள் மாண்டனர். காப்புறுதிப் பத்திரத்தில் கப்பல் ஏஜண்டின் பேர்தான் இருந்தது. உரிமையாளர் பேர் இல்லை. காப்புறுதிக் கம்பெனி கைவிரித்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறியது: பேர் வெளிப்படாத உரிமையாளருக்கும் அப்பத்திரத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையின் வழியாகவே மாண்டவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்க முடிந்தது.

ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏஜண்டு கடைக்காரருக்கு 300 வெள்ளி கடன்பட்டவர் என்று வைத்துக்கொள்வோம். பால் அவருடையதே என்று நம்பிக் கடைக்காரர் 500 வெள்ளிக்கு வாங்குகிறார். சந்தேகப்படவும் காரணமில்லை. பிறகு நாம் போய் நின்றால், 185-ம் பிரிவின்படி அவர் 300 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். நம் கைக்கு வருவது 200 வெள்ளிதான். ஏஜண்டின் கடன் நம் தலையில்! மீதியை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதைத் தடுக்கச் செலவேதும் இல்லை. பால் போடும்போதே யாருடையது என்று சொல்ல வேண்டும். ரசீதில் உடையவர் பேர் ஏற வேண்டும். ஏஜண்டிடம் கொடுத்த அதிகாரத்தை நாலு வரியில் எழுதி ஒப்பம் வாங்கி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார்கள் எழுதிக் கொடுப்பது கடமை.

கங்காணி காலத்தில் நம்மவர்கள் பிறர் அனுப்பிய ஆளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். இன்று ஆளை அனுப்புகிறவர்கள் நாம். அனுப்புகிறவர்களுக்குரிய உரிமையை அறிந்து, கேட்டுப் பெறுவோம்!